திருப்பூர்ல பல் கிளினிக்: பனியன் ஆர்டர் குறைஞ்ச நேரத்துல ரேட்டைக் குறைக்கலாமா?

கேள்வி: அனுப்பர்பாளையம் பிடிஎஸ்

எல்லாருக்கும் வணக்கமுங்க. அனுப்பர்பாளையம் பக்கம் சொந்தமா கிளினிக் வெச்சிருக்கேன். ஒரு சேர், ஒரு ஆர்விஜி (பல் எக்ஸ்ரே மிஷின்), அசிஸ்டெண்ட் பொண்ணுங்க ரெண்டு பேர். சேரும் கம்ப்ரசரும் பேங்க் லோன்ல வாங்கினது, இன்னும் கட்டிட்டிருக்கேன்.

எங்கிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல பனியன் கம்பெனி சனங்க. டைலர், செக்கிங், அயர்னிங், காஜா பட்டன் ஜாப் ஒர்க்குன்னு. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கினதுல இருந்து இங்க நெலமையே வேற. ஒன்றரை ஷிப்ட் ஓடின இடத்துல ஒரு ஷிப்ட், சில இடத்துல வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. வரி பத்தின பேச்சு அதுக்கப்புறம் மாறி மாறி வந்தாலும், கை விட்டுப்போன ஆர்டர் உடனே திரும்பி வர்றதில்லையே. ரூட் கெனால்னு சொன்னா, "மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க, நோம்பி கழிச்சு வர்றனுங்க"ன்னு எந்திரிச்சுடறாங்க. கேப்புக்கு (பல்லு மேல மாட்டற உறை) அளவு குடுத்தவங்க சிலர் திரும்பவே இல்லை. லேப் பில்லு மட்டும் கரெக்டா வந்துடுது.

இதுல ரோட்டுக்கு அக்கட்டால புதுசா ஒரு கிளினிக், ரூட் கெனால் 1,999, பல் கிளீனிங் இலவசம்னு போர்டு வெச்சிருக்காங்க. நானும் குறைக்கணுமா? ஒரு பொண்ணை நிறுத்திட்டா மாசம் கொஞ்சம் மிச்சமாகும்னு வீட்ல சொல்றாங்க. டீலர் ஒருத்தர், வாய்க்குள்ள படம் புடிக்கற ஸ்கேனர் வாங்குங்க, அளவு எடுக்கற வேலையே இல்லை, ஈஎம்ஐ போட்டுக்கலாம்ங்கறார். இன்னொருத்தர் பேஷண்டுக்கே ஈஎம்ஐ குடுக்கற பைனான்ஸோட சேரச் சொல்றார். ராத்திரி தூக்கம் வர்றதில்லைங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: பல்லடம் அக்கா

கண்ணு, ரேட்டைக் குறைக்காதே. வைத்தியத்தைப் பிரிச்சுக் குடு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எதுக்குச் சொல்றேன்னு இனி சொல்றேன்.

நான் பல்லடத்துல பல் வைத்தியம் பாக்கறவ. நொய்யல்ல சாயத்தண்ணி விட்ட கேசுல 2011 ஜனவரி ஐகோர்ட் உத்தரவுல திருப்பூர்ச் சாயப்பட்டறையெல்லாம் மூடினப்பவும் கிளினிக் தொறந்துதான் வெச்சிருந்தேன். 2016 நவம்பர்ல 500, 1,000 ரூவா நோட்டு செல்லாதுன்னப்போ சனிக்கிழமை கூலி போட வழியில்லாம தறிக்காரங்க நின்னதைப் பாத்தேன். 2020ல கொரோனாவுக்கு, பல்லைக் கொடையற ஏர்ரோட்டரை கையில எடுக்கவே பயந்தோம். 2025ல கூலி உயர்வு கேட்டு விசைத்தறி நின்னப்போ மறுபடியும் வெயிட்டிங் பெஞ்சு காலி. ஒவ்வொரு தடவையும் நடக்கறது ஒண்ணுதான். சனங்க வைத்தியத்தைத் தள்ளிப்போடறாங்க, சொத்தை அதுபாட்டுக்கு உள்ள போகுது. ஃபில்லிங்ல முடிஞ்சிருக்க வேண்டியது ஆறு மாசம் கழிச்சு ரூட் கெனாலா வரும். ரூட் கெனால்ல முடிஞ்சிருக்க வேண்டியது கன்னம் வீங்கிட்டு, "புடுங்கி உட்ருங்க டாக்டரம்மா"ன்னு வரும். அதனால ஆள் இல்லைன்னு நினைக்காதே. அவங்க இருக்காங்க, ஒரே மூச்சுல 12,000, 15,000னு கேட்டாத்தான் ஓடறாங்க.

இப்ப ஒரு நோட்டை எடுத்து இந்தக் கணக்கைப் போடு. வாடகை, பொண்ணுங்க சம்பளம், கரண்ட், லோன், மருத்துவக் கழிவு எடுக்கறவங்களுக்குக் கட்டறது எல்லாம் சேர்த்து மாசம் 90,000னு வெச்சுக்கோ. 25 நாள், நாளைக்கு 6 மணி நேரம் வேலைன்னா 150 மணி. அப்ப மணிக்கு 600 ரூவா. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், எல்லா சிட்டிங்கும் சேர்த்து ரெண்டரை மணி நேரம்னா 1,500 ஆச்சு. ஃபைலு, பேப்பர் பாயிண்ட், கட்டா பெர்ச்சா, மரப்பு ஊசி, கிளவுஸ் எல்லாம் ஒரு 500. ஆக 2,000 ரூவா உனக்கு அடக்கம், உன் கூலி இன்னும் இதுல சேரலை. நம்ம வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால பொருள் வாங்கறப்போ கட்டின ஜிஎஸ்டியும் திரும்ப வராது, அதுவும் அடக்கத்துலதான். அக்கட்டால 1,999க்கு எப்படிக் கட்டுபடியாகுதுன்னு அவங்கதான் பாத்துக்கணும். அதைப் பாத்து நீ போர்டு எழுதாதே. விளம்பரம் போட்டு ஆள் புடிக்கக்கூடாதுன்னு நம்ம பல் மருத்துவக் கவுன்சில் நெறிமுறையிலயே இருக்கு.

பிரிச்சுக் குடுக்கறதுன்னா என்னன்னு ஒரு ஆளை வெச்சுச் சொல்றேன். ஒரு சனிக்கிழமை பொழுதோட செக்கிங் வேலைக்குப் போற அம்மா ஒருத்தர் வந்தாங்க. வாயில கிராம்பு, கன்னத்துல கை. உக்காரும்போதே "எத்தனையாகுமுங்க?"தான் மொதல் பேச்சு. கீழ்க் கடைவாய்ப் பல்லு நரம்பு வரைக்கும் சொத்தை, மேல ஒரு பல்லு இல்லவே இல்லை. நான் ஒரு தாள்ல இப்படி எழுதினேன்:

இன்னைக்கு: நரம்பை எடுத்து வலியை நிறுத்தறது, 1,000.
வர்ற ரெண்டு ஞாயிறு: வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கறது, வாரம் 1,250.
ரெண்டு மாசத்துக்குள்ள: கேப்பு. தேதி போட்டுக் குடுத்தேன்.
பொறுக்கலாம்: மேல இல்லாத பல்லு. தீவாளி போனஸ் வந்தப்புறம் பேசிக்கலாம்.

அந்தம்மா தாளை ரெண்டு தடவை படிச்சுட்டு, நாலா மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சிருந்த பர்ஸ்ல வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் வாயைத் தொறந்தாங்க. மூணு வாரமும் வந்தாங்க. ரூட் கெனால் ரேட்டு என்னமோ அதே 3,500தான், ஒரு ரூவா குறைக்கலை. திருப்பூர், பல்லடம் பக்கம் கூலி வாரத்துக்கு வருது, நாம மாசச் சம்பளக்காரங்க மாதிரி ஒட்டுக்கா கேக்கறோம். ரூட் கெனாலே ரெண்டு மூணு சிட்டிங் வேலை, அதை ஞாயித்துக்கிழமைகள்ல போட்டுட்டா பணமும் அதுபாட்டுக்கு வந்துடும். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் கண்டிப்பா தொறந்து வை. உன் லீவை செவ்வாயோ புதனோ மாத்திக்கோ.

ஆனா எந்தப் படியில நின்னுட்டாலும் பல்லு கெடாத மாதிரி நீ வேலை செஞ்சிருக்கணும். இங்கதான் நம்ம படிப்புக்கு வேலை. தற்காலிக சிமெண்ட் சில வாரத்துக்கு மேல தாங்காது, ஓரத்துல எச்சில் இறங்கி உள்ள மறுபடியும் கிருமி போயிடும். வருவாங்களா மாட்டாங்களான்னு சந்தேகம்னா அதுக்கு மேல கிளாஸ் அயனோமர்ங்கற கெட்டி சிமெண்ட்டைப் போட்டு அடைச்சு அனுப்பு. ரூட் கெனால் பண்ணின கடைவாய்ப் பல்லு கேப்பு இல்லாம இருந்தா ஒரு நாள் முறுக்கு கடிக்கறப்போ ரெண்டா பொளந்துக்கும், அப்புறம் புடுங்கறதைத் தவிர வழியில்லை. கேப்பு தள்ளிப்போகும்னு தெரிஞ்சா, முனைகளைத் தேய்ச்சு எதிர்ப்பல்லு இடிக்காம பண்ணி விடு. இதை அவங்க கிட்ட வாய் விட்டுச் சொல்லு. "பணம் சேரற வரைக்கும் இந்தப் பக்கம் கெட்டியா மெல்லாதீங்க"ன்னா அவங்களுக்குப் புரியும்.

எதைப் பொறுக்கச் சொல்லலாம், எதைப் பொறுக்கவே கூடாதுன்னு உனக்கு வரம்பு இருக்கணும். காய்ச்சலோட வீக்கம், வாய் தொறக்க முடியாத ஞானப்பல்லு, சக்கரை இருக்கறவங்களுக்கு ஈறுல சீழ், இதெல்லாம் அன்னைக்கே பாக்கணும், காசு அப்புறம். ஹான்ஸ், கைனி போடற பசங்க வாயில வெள்ளைப் படையோ ரெண்டு வாரமா ஆறாத புண்ணோ பாத்தா, பல்லைப் பத்திப் பேசறதுக்கு மொதல்ல கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, கூட வந்தவங்ககிட்டயும் சொல்லி அனுப்பு. முழுப் பல்செட்டுக்கு வழியில்லாத வயசானவங்களுக்கு திருச்செங்கோடு, குமாரபாளையம், கோயம்புத்தூர்ப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிக இருக்கு, செலவு கம்மி. அங்க போகச் சொல்லு. அப்படி நான் அனுப்பின ஒரு அப்பாரு, பேரனுக்குப் பல்லு வலின்னா எங்கிட்டத்தான் கூட்டிட்டு வர்றார்.

ஒடிசா, பீகார் பசங்க விசயம் தனி. வேலை குறைஞ்சா அவங்க திடீர்னு ரயில் ஏறிடுவாங்க. பாதி ரூட் கெனாலோட ஊருக்குப் போய், அங்க வீங்கிட்டா யார்கிட்ட போவாங்க? அதனால மொதல் நாளே கேளு, ஊருக்குப் போற யோசனை இருக்கான்னு. இருந்தா, சீழ் இல்லாத பல்லா இருந்தா, ஒரே சிட்டிங்ல முடிச்சு விடு. முடியாட்டி கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ள வெச்சு, கெட்டியா அடைச்சு, எக்ஸ்ரேவை அவன் போனுக்கே அனுப்பு. எந்த வேர் முடிஞ்சுது, எது பாக்கின்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு. எங்க அசிஸ்டெண்ட் பொண்ணு ஒண்ணு தறி ஷெட்டுப் பசங்களோட பழகிப் பழகி இந்தி பேசும். அந்தப் பொண்ணு இருக்கறதாலயே பாதிப் பேர் எங்கிட்ட வர்றாங்க.

அதனாலதான் சொல்றேன், பொண்ணை நிறுத்தாதே. ஒரு பொண்ணு சேர் பக்கத்துல நிக்கறப்போ இன்னொண்ணு கருவி கழுவி, பையில போட்டு, ஆவியில கிருமியைக் கொல்ற ஆட்டோகிளேவ்ல வெக்கணும். ஒரே பொண்ணுன்னா அவசரத்துல அந்த இடத்துலதான் குறுக்கு வழி நுழையும். 2023ல வாணியம்பாடியில ஒரு பல் கிளினிக்ல வைத்தியம் பாத்துட்டுப் போனவங்க எட்டுப் பேர் மூளைத் தொற்றுல செத்துப்போனாங்க. சலைன் பாட்டிலை சுத்தம் பண்ணாத கருவியால தொறந்து, மிச்சத்தைத் திரும்பத் திரும்ப உபயோகிச்சது காரணம்னு ஆராய்ச்சி பண்ணினவங்க எழுதியிருந்தாங்க. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. ஒரு சலைன் பாட்டில் என்ன வெலை! சிக்கனம் எங்க வேணா பண்ணு, இந்த ஒரு இடத்துல கை வெக்காதே. ஆட்டோகிளேவ்ல நம்மூர் போர் உப்புத்தண்ணியை ஊத்த விடாதே, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். உப்புப் புடிச்சு ஹீட்டர் போச்சுன்னா அந்த வாரம் முச்சூடும் கிளினிக் நிக்கும்.

ஸ்கேனர் இப்ப வேண்டாம். இருக்கற லோன் முடியட்டும். எக்ஸ்போவுல மலிவுன்னு காம்போசிட், பாண்டிங் மாதிரி பல்லு அடைக்கற சாமானெல்லாம் பொட்டி பொட்டியா வாங்கி வெக்காதே, ஆள் கம்மியா இருக்கற காலத்துல எக்ஸ்பயரி ஆயிடும். பைனான்ஸ் ஈஎம்ஐ பத்தி: அடுத்த வாரம் வேலை இருக்கான்னே தெரியாதவங்களை நம்ம கிளினிக்ல உக்கார வெச்சுக் கடன்ல கையெழுத்து வாங்கறதுல எனக்கு மனசு ஒப்பலை. தவணை தவறினா அவங்க பைனான்ஸ்காரனைத் திட்ட மாட்டாங்க, பல் டாக்டரைத்தான் திட்டுவாங்க.

பதில்: ஈரோடு லேப்

வணக்கம் மேடம். ஈரோட்ல டெண்டல் லேப் வெச்சிருக்கேன். பல்லடம் மேடம் சொன்னதுல எங்க பக்கத்து விசயம் கொஞ்சம் சேர்த்துக்கறேன்.

அளவு எடுக்கற அன்னைக்கே லேப் பில் அளவுக்காவது அட்வான்ஸ் வாங்கிருங்க மேடம். எங்ககிட்ட செஞ்சு முடிச்சு, டாக்டர்க வாங்காம டப்பாவுல கிடக்கற கேப்பு நெறைய. அந்தக் கேப்பை வேற யாருக்கும் போட முடியாது.

எல்லாருக்கும் பல்லு நெறத்துல வர்ற ஜிர்கோனியா கேப்பே சொல்லணும்னு இல்லைங்க. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு முழு மெட்டல் கேப்பு இருக்கே, இப்ப யாருமே எழுதறதில்லை. பல்லைக் கம்மியாத் தேய்ச்சாப் போதும், ஒடையாது, வெலையும் எல்லாத்தையும் விடக் கம்மி. சிரிச்சாத் தெரியாத எடம். பேஷண்டுகிட்ட எல்லா வகையையும் காட்டி, எது எதுக்குன்னு சொல்லிட்டு அவங்களையே எடுக்க விடுங்க.

அப்புறம் அளவு. ஆல்ஜினேட்ல (தண்ணியில கலக்கற அளவு மாவு) எடுத்து அப்படியே கவர்ல போட்டு பஸ் பார்சல்ல அனுப்பறாங்க. திருப்பூர்ல இருந்து ஈரோடு வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு சுருங்கிடுது. அதுல செஞ்ச கேப்பு உக்காராது, திரும்பச் செய்யணும், ரெண்டு பேருக்கும் நட்டம், பேஷண்டுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஆல்ஜினேட்னா உடனே அதுல கல்மாவைக் கரைச்சு ஊத்தி மாடலா அனுப்புங்க. கேப்புக்கு ரப்பர் மாதிரி இருக்கற புட்டியில அளவு எடுத்தா இன்னும் நல்லது. ஓரம் தெளிவா விழுந்திருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டு அனுப்புங்க. ஸ்கேனர் இல்லாமயே திரும்பச் செய்யற வேலை பாதி குறையும்.

லேப் பாக்கியை மொத்தமா நிறுத்தாம, வாரம் கொஞ்சமாக் குடுத்துட்டே இருங்க. எங்ககிட்டயும் பசங்க சனிக்கிழமை சம்பளத்துக்கு நிக்கறாங்க.

பதில்: கட்டிங் மாஸ்டர், 15 வேலம்பாளையம்

நான் டாக்டர் இல்லீங்க, கட்டிங் மாஸ்டர். பேஷண்ட் பக்கத்துல இருந்து சொல்றனுங்க.

எங்களுக்கு ரேட்டு அதிகங்கறது ரெண்டாவதுங்க. கடைசியில எவ்வளவுல போய் நிக்கும்னு தெரியாததுதான் பயம். மொத நாள் ஒண்ணு சொல்வாங்க, மூணாவது நாள் கேப்புன்னு ஒண்ணு சேரும். அந்தக்கா மாதிரி எழுதிக் குடுத்துட்டா, சீட்டுப் பணமோ குழுக் கடனோ எதுல இருந்து எடுக்கலாம்னு வீட்ல உக்காந்து பேசிக்குவோம்.

வார நாள்ல வரச் சொல்லாதீங்க. வேலை இருக்கறதே நாலு நாள், அதுல அரை நாள் போனா மேஸ்திரி அடுத்த வாரம் கூப்பிட மாட்டான்.

இன்னொண்ணு, ஈஎஸ்ஐ. மாசம் 21,000க்குள்ள சம்பளம் வாங்கற, கம்பெனியில ஈஎஸ்ஐ புடிக்கறவங்களுக்கு அங்க பல்லும் பாக்கறாங்க. இதைச் சொன்னா ஆள் போயிடுவாங்கன்னு நிறைய டாக்டருங்க சொல்றதில்லை. "புடுங்கறதுக்கு எங்கிட்டக் காசு குடுக்காதீங்க, உங்ககிட்ட கார்டு இருக்கு, போங்க"ன்னு ஒரு டாக்டர் எங்கம்மாகிட்டச் சொன்னாருங்க. இன்னைக்கு எங்க வீட்ல, எங்க லைன் வீட்ல அத்தனை பேரும் அவருகிட்டத்தான்.

முடிஞ்சா டீ டயத்தைப் பத்தியும் பேஷண்டுகிட்டப் பேசுங்க. பேக்கரி டீ, தேங்கா பன்னு, நாளைக்கு அஞ்சாறு தடவை. நைட் ஷிப்ட் பசங்க வாயைக் கொப்புளிக்கறதே இல்லை. எங்க சூப்பர்வைசர் சொன்னாக் கேக்க மாட்டாங்க, டாக்டர் சொன்னாக் கேப்பாங்க.

கேள்வி கேட்டவர்: அனுப்பர்பாளையம் பிடிஎஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, நைட்டே கணக்குப் போட்டுப் பாத்தேன். எனக்கு மணிக்கு 700 தாண்டுது. மத்தியானம் பூரா சேர் சும்மா கிடக்கறதால அப்படி வருதுன்னு இப்பத்தான் புரியுது. செவ்வாய் லீவு, ஞாயிறு 2 மணி வரைக்கும்னு போர்டு எழுதச் சொல்லிட்டேன். பொண்ணுங்க ரெண்டு பேரும் இருக்காங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாதியில நின்னுட்டவங்க லிஸ்ட் எடுத்தா நீளமா இருக்குக்கா. அவங்களுக்குப் போன் பண்ணினா, காசுக்காகத் தொரத்தறாங்கன்னு நினைச்சுட்டா? எனக்குக் கூச்சமா இருக்கு. என்னன்னு பேசறது?

பதில்: பல்லடம் அக்கா

கூச்சப்படாதே கண்ணு. நாம தொறந்து வெச்ச பல்லு அது. கூப்பிட்டுக் கேக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

நீ பேசாதே, பொண்ணைப் பேசச் சொல்லு. டாக்டரே கூப்பிட்டா பதறிடுவாங்க. மத்தியானம் 1ல இருந்து 2க்குள்ள, சாப்பாட்டு நேரத்துல கூப்பிடணும், மிஷின் ஓடறப்போ போன் எடுக்க மாட்டாங்க. எங்க பொண்ணு இப்படித்தான் கேக்கும்: "அக்கா, பல் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். அந்தப் பல்லு வலிக்குதுங்களா? அடைச்சது அப்படியே இருக்குங்களா, விழுந்துடுச்சுங்களா?" விழுந்திருந்தா, "வந்து அடைச்சுட்டு மட்டும் போங்க, அதுக்குக் காசு வேண்டாம்"ங்கும். அவ்வளவுதான் பேச்சு. பணத்தைப் பத்தி அவங்களா எடுத்தா மட்டும், இருக்கறதைக் கொண்டாங்க, மீதியை எழுதி வெச்சுக்கலாம்னு சொல்லும்.

லிஸ்ட்ல மொதல்ல யாருன்னா, தற்காலிக சிமெண்ட்டோட போனவங்க. அடுத்து சக்கரை இருக்கறவங்க. அடுத்து ரூட் கெனால் முடிஞ்சு கேப்பு போடாதவங்க. கிளீனிங்குக்கு வரச் சொன்னவங்களை இப்போதைக்கு விட்டுடு. சும்மா அடைச்சு விடறதுக்கு கால் மணி நேரம் போகும், உன் கணக்குப்படி 175 ரூவா செலவு. அந்தப் பல்லு நிக்கட்டும், வேலை கிடைச்சதும் வருவாங்க. வராட்டியும் பரவாயில்லை, வீங்காம இருப்பாங்க.

எங்க கிளினிக்ல தர்ற சீட்டு தமிழ், இந்தி ரெண்டுலயும் அடிச்சு வெச்சிருக்கேன். பல்லு நம்பர், பண்ணின வேலை, பாக்கி வேலை, எந்தத் தேதிக்குள்ள, எவ்வளவுன்னு அஞ்சு கட்டம். தனியா மெசேஜ் போடு, அனுப்பறேன். உன் கிளினிக் பேரு மட்டும் மாத்திட்டு அச்சடிச்சுக்கோ.